கோடாலித் தைலம் மணக்கும் லப்பைக்குடிக்காடு

திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் தொழுதூரில் இறங்கி, திட்டக்குடி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் லப்பைக்குடிக்காடு. வடகரையில் திட்டக்குடி, கடலூர் மாவட்டம். தென்கரையில் இந்த ஊர், பெரம்பலூர் மாவட்டம். நான் போன நாளில் ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் நாணலும் சீமைக் கருவேலமும்தான். இதே ஆறுதான் கிழக்கே போய் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது என்று சொன்னால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

கல்லூரித் தோழி இந்த ஊர் மருமகள். "வா புள்ள, உனக்கு ஒரு வித்தை காட்டறேன்" என்று போனில் கூப்பிட்டிருந்தாள். அவள் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று யாராவது ஒருவர் வெளியில்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கு ஊரைக் கண்டுபிடித்துவிட்டது. முதலில் சாம்பிராணி. அதன் அடியில் லேசாக அத்தர். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் நீர் வரவைக்கும் கோடாலித் தைலம்.

வித்தை என்று அவள் சொன்னது ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே ஆறு குட்டி பாட்டில்கள். லாவண்டர், புதினா, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஸ்மேரி, வெட்டிவேர். "அரோமாதெரபி மசாஜ். மெட்ராஸ்ல ஒரு தடவை செய்ய ஆயிரக்கணக்குல கேக்கறான். நான் வீட்டுலயே மாமிக்குச் செய்யப் போறேன்" என்றாள்.

இந்தப் பெயரை வைத்தவர் ரெனே மொரிஸ் கட்ஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1910இல் அவருடைய ஆய்வகத்தில் நடந்த விபத்தில் கையில் தீக்காயம். அதற்கு லாவண்டர் எண்ணெய் போட்டுப் பலன் கண்டதாக எழுதினார். 1937இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே 'அரோமாதெரபி'. பெயர்தான் புதிது. பூவிலிருந்து வாசனையை வடித்து எடுப்பது பழைய வேலை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி வாசனைப் பொருள்களையும் வடித்தலையும் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் இன்றும் செம்புப் பானையில் ரோஜா இதழையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, அடியில் விறகு எரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீரில் அமிழ்ந்த பாத்திரத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் இறங்குகிறது. அதுதான் அத்தர். ஆல்கஹால் கலக்காதது என்பதால் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் பலர் சட்டைப்பையில் அதை வைத்திருப்பார்கள்.

பெட்டியிலிருந்த ஆறில் எனக்குப் பிடித்தது வெட்டிவேர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்கு வேறு பெயர் தேடவில்லை. நம் தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் மழுக்கி 'வெட்டிவர்' என்று வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த எண்ணெய் அதிகம் வருவது ஹைத்தி நாட்டிலிருந்து. கடலூர்க் கரையோர மணலிலும் இந்த வேர் விளைகிறது. நம் பானைத் தண்ணீரில் நாலு வேரைப் போட்டுக் குடித்ததை அவர்கள் பாட்டிலில் அடைத்து, சொட்டுக் கணக்கில் நமக்கே விற்கிறார்கள்!

மாமி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர். முழங்காலும் தோளும் வலி. தோழி கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, லாவண்டர் பாட்டிலை நேராகக் கவிழ்க்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த எண்ணெய்கள் நம் நல்லெண்ணெய் மாதிரி இல்லை. கடுமையானவை. அப்படியே தோலில் பட்டால் எரியும், தடிக்கும். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய்க்கு ஒன்றிரண்டு சொட்டு போதும். அதையும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிடுவது நல்லது. எலுமிச்சைத் தோல் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

அந்த ஒரு நாள் பொறுமை மாமிக்கு இல்லை. கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இதென்னடி சோப்பு வாசம்? கோடாலித் தைலம் எடுத்தாந்து போடு."

சிங்கப்பூரில் 1928இல் லியுங் யுன் சீ என்பவர் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. பாட்டிலில் கோடாலிப் படம் இருப்பதால் நமக்குக் கோடாலித் தைலம். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் வழியாகக் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன பயணிகள் மூலம் அரபு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்து, அங்கேயும் பேர் வாங்கியது. ஆக, சிங்கப்பூர் போனவரும் வாங்கி வந்தார், சவூதி போனவரும் வாங்கி வந்தார். சபுராளிப் பெட்டி திறந்தால் மிட்டாய்க்கு அடுத்தது இதுதான்.

"அவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க. பெட்டியத் தொறந்தா மொதல்ல இந்த வாசம்தான் வரும். திரும்பிப் போனப்புறம் தலகாணில ஒரு வாரம் இருக்கும்" என்றார் மாமி. அவர் கணவர் இருபத்தெட்டு வருஷம் சவூதியில் இருந்தவர். இப்போது இல்லை. மாமி இதைச் சொல்லும்போது அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

தோழி தயங்கினாள். சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: மாமிக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. கோடாலித் தைலத்தில் மென்தால், யூகலிப்டஸ், கற்பூரத்தோடு மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு. ஆஸ்பிரினின் உறவுக்காரன். தோல் வழியாக உடம்புக்குள் போகும். நிறையத் தடவினால் வார்ஃபரினின் வேலையைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். டாக்டர் ஏற்கெனவே திட்டி அனுப்பியிருக்கிறார். மாமி ரகசியமாகத் தடவிக்கொண்டுதான் இருக்கிறார்.

அதே வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறது. சளிக்கு அதன் நெஞ்சில் இதையே தேய்க்கும் வழக்கம் நம் எல்லா வீட்டிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பையே கொண்டுவரும். யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இப்படிப்பட்ட பாட்டில்களை மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள்.

சரி, இந்த வாசனை மசாஜில் என்னதான் பலன்? மனசு லேசாகும், பதற்றம் கொஞ்ச நேரம் தணியும், சிலருக்குத் தூக்கம் வரும். இவ்வளவுக்கு ஆய்வுகளில் ஓரளவு ஆதரவு இருக்கிறது. அதிலும் எவ்வளவு எண்ணெயால், எவ்வளவு தொடுகையால் என்று பிரிப்பது லேசில்லை. சர்க்கரை போகும், கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் பெட்டியை மூடிவிடலாம். ஆனால் மூக்குக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் பகுதிகளுக்கு வாசனை கிட்டத்தட்ட நேர்வழியில் போய்ச் சேர்கிறது. தலையணை வாசம் ஒரு வாரம் இருந்ததை மாமி இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல முடிந்ததும் அதனால்தான்.

யோசனை எனக்கு வந்ததா அவளுக்கு வந்ததா என்று இப்போது நினைவில்லை. ஒரு கைக்குட்டையில் கோடாலித் தைலம் ஒரே ஒரு சொட்டு. அதை மடித்து, மாமியின் மேல் படாமல் ஜன்னல் கம்பியில் கட்டினோம். கிண்ணத்தில் வாசனை எதுவும் கலக்காத, லேசாகச் சூடாக்கிய நல்லெண்ணெய். தோழி தோளிலிருந்து ஆரம்பித்து முழங்கை வரை இழுத்து இழுத்து நீவினாள். முழங்காலை வட்டமாக, அழுத்தாமல். மரப்பெட்டி மேஜையில் திறந்தபடியே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து வீடியோ கால். மகன் முகம் திரையில். "என்னம்மா, மருமவ மசாஜ் எப்படி?" என்றார்.

மாமி கண்ணைத் திறக்கவில்லை. "பேசாம இருடா. உங்க அத்தா வந்திருக்காங்க" என்றார்.

அந்தப் பக்கம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. தோழி போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த தோளுக்கு எண்ணெய் எடுத்தாள்.