எழுத்தும் ஊரும்

போத்தலில் ஒட்டும் சிறு தாள்தானே என்று லேபலை இகழ்ந்துவிடுவோர் பலர். ஆயின் பிரித்தானிய வணிகக் குறிப் பதிவேட்டில் 1876இல் முதலாம் இலக்கம் பெற்றது பாஸ் பியரின் செம்முக்கோணமே. 1882இல் மானே தீட்டிய மதுச்சாலை ஓவியத்திலும் அது காணப்படுகின்றது. பெயரை வாசிக்க வேண்டியதில்லை, முக்கோணமே போதும். (உள்ளிருப்பதன் நன்மை தீமை பிறிதொரு விவாதம்.)

இவ்வாற்றலை நன்கறிந்தவர் மில்டன் கிளேசர். நியூயோர்க் மீதான அன்பைச் செந்நிற இதயமொன்றால் 1977இல் உணர்த்தியவர் அவர். ஒருகாலத்தில் பியருக்குப் பேர்போன புரூக்ளினில், எஞ்சியிருந்த பெருந் தொழிற்சாலைகள் 1976இல் மூடப்பட்டன. வோல்ட் விட்மன் முன்னொருகால் ஆசிரியராயிருந்த 'புரூக்ளின் ஈகிள்' நாளிதழ் 1955இலேயே நின்றுபோயிருந்தது. டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணியும் 1957ஆம் ஆண்டுப் போட்டிகளோடு லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்துவிட்டது. இழப்புகளே நினைவாகிவிட்ட அவ்வூரின் பெயரால் 1988இல் பியர் விற்கத் தொடங்கினர், முன்னாள் பத்திரிகையாளர் ஸ்டீவ் ஹிண்டியும் வங்கியில் பணியாற்றிய ரொம் பொட்டரும். அந்நாளிதழின் கழுகையே சின்னமாக்க அவர்கள் எண்ணியிருந்தனர். கழுகு வேண்டாம், புரூக்ளின் என்னும் பெயரே போதும் என்றார் கிளேசர். அவர்களிடம் பணம் போதாமையால், கூலிக்குப் பதிலாக நிறுவனத்திற் பங்கு பெற்றுக்கொண்டார். தான் வரைந்த கோட்டின் மீது ஓவியன் தானே பந்தயம் கட்டியது போன்றதே இது.

அவர் அளித்தது சுழித்தெழுதிய ஒற்றை 'பி'. டொட்ஜர்ஸ் அணியின் எழுத்து அதில் நிழலாடும். முதற் போத்தலிலேயே அது பழைமை வாய்ந்ததாய்த் தோன்றிற்று. இல்லாத வரலாற்றை அது புனையவில்லை. இருந்து அழிந்த வரலாற்றைக் கடன்வாங்கிற்று எனலே பொருந்தும்.

கடன் என்றால் யாரிடம்? அப்பியர் அன்று வடிக்கப்பட்டது புரூக்ளினில் அன்று. மாநிலத்தின் உட்புறத்தேயுள்ள யூற்றிக்கா நகரில், வேறொரு நிறுவனத்தின் தொழிற்சாலையில். வில்லியம்ஸ்பேர்க்கில் சொந்த வடிசாலை திறக்கப்பட்டது 1996இலேதான். அதன் பின்னரும் போத்தல் பியர் யூற்றிக்காவில் நிரப்பப்பட்டே வந்தது. இதை ஏமாற்று என்பாரின் கூற்றை எளிதில் ஒதுக்க முடியாது. பெயர் ஓர் ஊரினது, நீரும் உழைப்பும் வேறோர் ஊரின. எனினும், எழுத்து ஈட்டித் தந்த வருவாய் இல்லையேல் வில்லியம்ஸ்பேர்க் வடிசாலை எழுந்திருக்குமா என்பதும் ஐயமே. பொய்யாய்ப் பிறந்த லேபல் எட்டாண்டுகளிற் பாதி மெய்யாயிற்று.

மறுபாதிக்குரிய யூற்றிக்காவின் பெயரும் அந்த லேபலில் இல்லாமலில்லை. பொடி எழுத்தில், ஓரத்தில், தேடுவோர் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அது இருந்தது.