நாற்பது எழுத்தும் ஒரு இனிஷியலும்

டெபியனில் சேரணும்னா நல்லா கோடு எழுதத் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறீங்களா? அது பாதிதான். நீங்க சொல்ற பேர் உங்க பேர்தான்னு, ஏற்கெனவே உள்ளே இருக்கிற டெவலப்பர் ஒருத்தராவது பொதுவா உங்களை நேரில் பார்த்துட்டு, உங்க ஜிபிஜி சாவியில் கையெழுத்து போடணும். 1993-இல் தொடங்கின ப்ராஜெக்ட், உலகம் முழுக்க ஆட்கள், எல்லாமே ஆன்லைன். ஆனா இதுக்கு மட்டும் பெரும்பாலும் பஸ்ஸோ ரயிலோ ஏற வேண்டியிருக்கும்.

ஏன்னு கேட்டா, இப்பவே லேப்டாப்பைத் திறந்து லினஸ் டோர்வால்ட்ஸ் பேரில் ஒரு சாவி உருவாக்கிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். "நீ யாருப்பா?"ன்னு ஜிபிஜி ஒரு வார்த்தை கேட்காது. 2016-இல் அவர் பேரிலேயே ஒரு போலிச் சாவி கீசர்வரில் கிடந்தது. அசல் சாவியோட கடைசி 8 எழுத்தும் அதில் அப்படியே பொருந்துச்சு. அதனாலதான் சாவியோட கைரேகை மாதிரி இருக்கிற ஃபிங்கர்பிரிண்டை 40 எழுத்தும் முழுசா ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்றாங்க.

நான் படிக்கிறது கோவையில். கையெழுத்து போட ஒத்துக்கிட்ட டெவலப்பர் இருந்தது கொச்சியில். "ஒரு கையெழுத்துக்கு கேரளா வரைக்குமா?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

ஃபிங்கர்பிரிண்டை அச்சடிச்ச துண்டுச்சீட்டு, பாஸ்போர்ட், ஆதார், காலேஜ் ஐடி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனேன். ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். சேட்டன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. காலேஜ் ஐடியை எடுத்ததுமே ஓரமா வெச்சுட்டார். அதை எந்தப் பிரிண்டிங் கடையிலும் அடிக்கலாமே!

அடுத்தது நம்ம ஊர்ச் சிக்கல். ஆதாரில் என் பேருக்குப் பின்னாடி இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்டில் அதுவே விரிஞ்சு, அப்பா பேர் குடும்பப் பேரா உட்கார்ந்திருக்கு. சாவியை பாஸ்போர்ட்படிதான் செஞ்சிருந்தேன். சேட்டன் ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் பார்த்தார். "இது அச்சன் பேரா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். அவருக்கும் இனிஷியல் உண்டு, அதனால கதை சீக்கிரம் முடிஞ்சுது. ஐரோப்பாவில் ஒருத்தர்கிட்ட நின்னிருந்தா அரை மணி நேரம் விளக்கியிருக்கணும். தறி ஓட்டுற அப்பாவோட பேரை ஒரு அந்நியர் இவ்வளவு கவனமா எழுத்துக்கூட்டிப் படிச்சு நான் பார்த்ததே இல்லை.

சீட்டை வாங்கிக்கிட்டு அவர் கிளம்பிட்டார். மூணு நாள் கழிச்சு மெயில் வந்தது, என் சாவியாலேயே பூட்டப்பட்டு. அதைத் திறக்க அந்த மெயில் ஐடியும் என்னோடதா இருக்கணும், ரகசியச் சாவியும் என்கிட்ட இருக்கணும். ஒரே கல்லில் ரெண்டு சோதனை. திறந்தேன், உள்ளே கையெழுத்து இருந்தது.

அதோட நான் நம்பகமான ஆள் ஆயிட்டேனான்னா, இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் ஒரு பின்வாசல் மாட்டுச்சே, நினைவிருக்கா? அதை நுழைச்ச 'ஜியா டான்' ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை செஞ்சு பேர் வாங்கினவர். அந்த வெளியீடுகளில் அவரோட கையெழுத்து சரியாவே இருந்தது. லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டினதாலதான் விஷயம் வெளியே வந்தது. சாவியில் இருக்கிற கையெழுத்து 'இது இன்னார்' என்பதோட நின்னுடும். 'இன்னார் நல்லவர்'னு அது சொல்லவே சொல்லாது. அதுக்குத்தான் பேக்கேஜ் ரிவ்யூ. என்னோட குட்டி பைத்தான் லைப்ரரி இப்போ அந்த வரிசையில்தான் நிக்குது.

ஹாஸ்டலில் யாராவது ஆரம்பிக்கிறதா இருந்தா, சாவி உருவாக்கின கையோட ரத்துச் சான்றிதழையும் எடுத்துத் தனி பென்டிரைவில் வெச்சுடுங்க. லேப்டாப் தொலைஞ்சா அதுதான் கை கொடுக்கும். சாவிக்குக் காலாவதித் தேதியும் போடுங்க. பின்னாடி நீட்டிக்கலாம். அதுக்கெல்லாம் முன்னாடி, உங்க பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் ஸ்பெல்லிங் ஒண்ணா இருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க.