தோற்ற கோஷ்டியும் பயிற்சியாசிரியரும்

பந்தயத்தில் தோல்வியுற்ற மறுநாள் மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர்க்குப் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான் காதில் விழும்: "பயிற்சியாசிரியரை மாற்றவேண்டும்." பதினொருவர் ஆடித் தோற்ற பழியை ஒருவர் தலைமேற் சுமத்துதல் எளிது. நாமும் மாணவராயிருந்த நாளில் அவ்வெளிய வழியிற் சென்றவரே. ஒரு பருவம் முழுவதும் எம் கோஷ்டி தோற்றுக்கொண்டே வந்தபொழுது, கால்பந்துப் பயிற்சியாசிரியரை விலக்கவேண்டுமென்று ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது. அதில் நாமும் கையொப்பமிட்டோம். அவர் ஒரு சொல்லும் மறுத்துரையாது விலகிச் சென்றார். அடுத்த ஆண்டு எம் கோஷ்டி வென்றது. வென்றவருட் பலர், அவர் மாலைதோறும் தனியே அழைத்துப் பழக்கிய இளைய மாணவரே என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். அக் கையொப்பம் இன்றும் எம் மனத்தை உறுத்துகின்றது. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இங்கிலாந்து தேசத்து மாஞ்செஸ்டர் யுனைட்டெட் கோஷ்டியின் வரலாறு இதற்கு நல்லதோர் உதாரணமாகும். 1986-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அலெக்ஸ் பெர்குஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அதன் பொறுப்பை ஏற்றார். 1983-இல் அபர்தீன் கோஷ்டியைக் கொண்டு ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட் கோஷ்டியை ஐரோப்பியக் கோப்பையொன்றின் இறுதிப் பந்தயத்தில் தோற்கடித்தவர் அவர். எனினும் மாஞ்செஸ்டரில் மூன்று ஆண்டுகள் கழிந்தும் கோப்பை ஒன்றும் வந்திலது. 1989 செப்டம்பரில் அதே நகரத்து மாஞ்செஸ்டர் சிட்டி கோஷ்டியிடம் 5-1 என்ற கணக்கில் தோற்றனர். டிசம்பரில், அவருக்கு விடைகொடுக்கும் பதாகையொன்று அவர்தம் சொந்த மைதானத்திலேயே உயர்ந்தது. அப் பருவத்தின் முடிவில் லீக் பட்டியலில் 13-ஆம் இடமே கிட்டிற்று.

ஆயினும் நிர்வாகிகள் அவரை விலக்கினாரல்லர். 1990 மே மாதத்தில் எப்.ஏ. கோப்பை கைக்கு வந்தது. 1993-இல், 26 ஆண்டுகளுக்குப் பின், லீக் பட்டமும் வந்தது. 2013-இல் ஓய்வு பெறுமுன் அப் பட்டத்தை 13 முறை வென்றார். தோற்ற காலத்திலும் சிறுவரைத் தேடிச் சேர்த்துப் பழக்குவதை அவர் கைவிடாததே இவ்வெற்றிகளுக்கு ஒரு முக்கிய காரணம். 1992-இல் இளைஞர் கோப்பையை வென்ற அவரது கோஷ்டியில் ரயன் கிக்ஸ், டேவிட் பெக்கம் முதலியோர் இருந்தனர். வேர் ஓடுங்காலத்தில் தளிர் காணாமை கண்டு மரத்தை வெட்டுபவன் கனியை உண்ணமாட்டான்.

இதனால், பொறுத்திருத்தலே எப்பொழுதும் நன்றென்று நாம் கூறவில்லை. 2016-இல் லெஸ்டர் சிட்டி கோஷ்டிக்கு அதன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்த கிளாடியோ ரானியேரி, ஓராண்டு நிறையுமுன், 2017 பிப்ரவரியில் விலக்கப்பட்டார். நன்றிமறந்த செயலென்று பலர் வருந்தினர். ஆனால் அக் கோஷ்டி அடுத்த பந்தயத்திலேயே லிவர்பூல் கோஷ்டியை 3-1 என்று வென்றது; கீழ்ப் பிரிவுக்கு இறங்காது 12-ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. நேற்றைய புகழும் ஒருவரைக் காக்கப் போதிய காரணமன்று என்பதே இதனால் விளங்குவது.

ஆகவே பட்டியலை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுதல் தகாது. ஆட்டக்காரர் அவர் சொல்லை இன்னும் மனமுவந்து கேட்கின்றனரா? தோல்வியின் காரணத்தை அவர் அறிந்து திருத்த முயல்கின்றாரா? இளையவர் அவர் கையில் வளர்கின்றனரா? இம்மூன்றுக்கும் விடை 'ஆம்' எனில், அவரை வைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை. 'இல்லை' எனில், மரியாதையுடன் விடைகொடுத்தல் இருசாரார்க்கும் நலம்.

மாணவ நண்பர்களே! உங்களிடமும் ஒருநாள் அத்தகைய விண்ணப்பம் வரக்கூடும். எழுதுகோலை எடுக்குமுன் ஒரு மாலை மைதானத்திற்குச் சென்று, அவர் பயிற்சியளிக்கும் விதத்தை இருந்து பாருங்கள். நாம் அன்று அதனைச் செய்தோமில்லை.