சீனுவின் குரல்

கைலாசபுரத்தில் விடிந்ததா என்று யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. மயில் முதலில் அகவும். பிறகு காக்கை, மைனா, கடைசியில் பச்சைக்கிளிக் கூட்டம். அறுபதுகளில் பெல் கொதிகலன் தொழிற்சாலைக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டியபோது மரங்களுக்கும் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். இந்த மரத்துச் சத்தத்தை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கூண்டுப் பறவையின் சத்தம் அப்படியில்லை, அதற்கு ஒரு வீட்டு நம்பர் உண்டு.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஆண் காக்டெயில் பறவை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, மனநிலைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் கொண்டை. பெயர் சீனு. அதன் இறகிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி டிவி மேலும் ஃபேன் இறக்கையிலும் மாவு போலப் படியும். துடைத்த மறுநாளே மறுபடியும் இருக்கும்.

"பச்சைக்கிளி வாங்கியிருந்தா அழகாப் பேசுமே" என்று வருகிறவர்கள் சொல்வதுண்டு. நம் ஊர்க் கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் கிளி ஜோசியரிடமிருந்த கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டம் சரி என்றே நினைக்கிறேன். சாயங்காலம் மொட்டைமாடிக்கு மேலே கத்திக்கொண்டே போகும் கூட்டத்தைத் தினமும் பார்க்கிறவருக்கு, அதில் ஒன்றைப் பிடித்து இறக்கையை வெட்ட எப்படி மனசு வரும்?

"அப்போ சீனு மட்டும் கூண்டுல இருக்கலாமாப்பா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. காக்டெயிலின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அந்த நாடு தன் பறவைகளை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இங்கே கடையில் விற்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்தவை. இரை தேடத் தெரியாது, காக்கைக்குத் தப்பத் தெரியாது. திறந்துவிட்டால் ஒரு நாள் தாங்காது. வெளியே போக வழியில்லாத ஓர் உயிர் உள்ளே இருந்து கத்தினால், அந்தக் கத்தலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

காக்டெயில் கூட்டமாக வாழும் பறவை. காட்டில் ஒன்று கண்ணுக்கு மறைந்தால் மற்றது குரல் கொடுக்கும், பதில் வரும்வரை விடாது. விடியலிலும் அந்தி சாயும்போதும் இது அதிகம். சீனுவுக்குக் கூட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். நான் குளிக்கப் போனால் கூப்பிடும், மனைவி துணி காயப்போடப் போனால் கூப்பிடும். அடுக்களையிலிருந்து ஒரு சின்ன விசில் கொடுத்தால் கொண்டை தணிந்து, தினையைக் கொறிக்கப் போய்விடும். பதில் கிடைக்காவிட்டால்தான் அந்தக் கூரான கத்தல். பகலில் துணி போட்டு மூடி வாயடைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கூப்பிடுகிற பிள்ளையை இருட்டறையில் தள்ள யாருக்கும் கை வராது. சீனுவை மூடவும் எனக்குக் கை வரவில்லை.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது. "நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து இப்பத்தான் படுப்பேன், தலைமாட்டுலயே கத்துற மாதிரி இருக்குண்ணே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கோபமே இல்லாமல், கண் சிவக்கச் சொன்னார். இரவெல்லாம் நெருப்போடும் இரும்போடும் நின்றுவிட்டு வந்தவரின் தூக்கம் அது. அன்றைக்கே பொதுச்சுவர் ஓரமிருந்த கூண்டை எடுத்துப் பின்வராண்டாவுக்கு, வேப்பமரம் தெரிகிற பக்கம் மாற்றினோம். அவருடைய ஷிஃப்ட் வாரம் எது என்று கேட்டு காலண்டரில் குறித்துக்கொண்டோம். அந்த வாரங்களில் அவர் படுக்கும் நேரத்துக்கு யாராவது ஒருவர் சீனுவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். கண்ணெதிரே ஆள் இருந்தால் அது கத்துவதில்லை, மெல்ல முணுமுணுத்துக்கொண்டே அலகைத் தேய்க்கும்.

பின்வராண்டா அடுக்களையை ஒட்டியது. நான்-ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பறவையின் உயிரையே எடுத்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் புகையை மனிதர் தாங்குவார், பறவை தாங்காது. அதனால் இரும்புத் தோசைக்கல்தான். இதையெல்லாம் பறவை விற்பவர்கள் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் வாழக்கூடிய உயிரை, பிறந்தநாள் பரிசாக அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அந்த வருஷக் கணக்குத்தான் இப்போது வீட்டில் பேச்சு. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், சீனுவுக்கு அப்போதும் பாதி ஆயுள் மிச்சமிருக்கும். கோயிலுக்குப் பக்கம் என்று மனைவிக்கு ஸ்ரீரங்கம் மேல் ஆசை. அங்கே போய் வீடு பார்த்தோம். வீதிக்குள் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. திருவெறும்பூரிலும் ஒன்றிரண்டு பார்த்தாயிற்று. வாடகை, தண்ணீர் எல்லாம் அப்புறம். எங்களிடம் சத்தம் போடுகிற பறவை ஒன்று இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது தூங்குவார்கள் என்று விசாரிக்கிறோம்.