கடைசி வரிசையில யாரு?

கார் வாங்கப் போறேன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க மக்களே. அடுத்த நாள்ல இருந்து நீங்க ஊருக்கே பொது சொத்து. ஆபீஸ்ல ஒருத்தர் டார்க் பத்தி கிளாஸ் எடுப்பார். எதிர் வீட்டு சார் ரீசேல் வேல்யூன்னு ஆரம்பிப்பார். மச்சான் போன் போட்டு, "மாமா, சன்ரூஃப் இருக்குல்ல?"ன்னு கேப்பான். (கோயமுத்தூர்ல ஏப்ரல் மாசத்துல மண்டைய வெளிய நீட்டி என்னடா பண்ணப் போற?) ஆனா ஒருத்தர் கூட, "வண்டில யார் யார் உக்காரப் போறீங்க?"ன்னு கேக்கல. 2024-ல நான் மூணு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

எங்க வீட்ல ஆறு பேரு. அப்பா, அம்மா, நான், தங்கமணி, 13 வயசுல என் தோளுக்கு மேல வளந்து நிக்கற பையன், பல்லடம் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்துடற 8 வயசு பொண்ணு. வருசத்துக்கு ரெண்டு தடவையாவது சாத்தூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போயாகணும். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரைன்னு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். பழைய சின்ன வண்டில ஆறு பேரும் அடைஞ்சு போன காலம் உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி வந்ததும், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்ல விளக்கு ஏத்திக்கறேன்"னு ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருசம் வரவே இல்ல. பெரிய வண்டி வாங்கணும்னு நாங்க முடிவு பண்ணதே இதுக்காகத்தான், டார்க்குக்காக இல்ல.

கடைசியா களத்துல நின்னது ரெண்டு. மஹிந்திரா எக்ஸ்யூவி700, டாடா சஃபாரி. இன்னோவா ஹைகிராஸ் ஆசை காட்டுச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீளம் 4755 மிமீ, வீல்பேஸ் 2850 மிமீ. மத்த ரெண்டுலயும் வீல்பேஸ் 2750-ஐ ஒட்டித்தான். அந்த 10 சென்டிமீட்டர் முழுக்க பின்னாடி உக்கார்றவங்க முட்டிக்குத்தான் போகுது. ஆனா ஹைபிரிட் எடுத்தா எங்க பட்ஜெட்ல ஓட்டை விழும். ஹூண்டாய் அல்கசார் நம்ம இருங்காட்டுக்கோட்டை தயாரிப்பு, பாசம் இருக்கு, ஆனா பையன் சைஸுக்கு சரிப்படாது. அதோட விட்டாச்சு.

என்ஜின் பத்தி ரெண்டே வரி. ரெண்டும் டீசல். எக்ஸ்யூவில 2.2 லிட்டர், 185 பிஎஸ். சஃபாரில 2 லிட்டர், 170 பிஎஸ். ரெண்டுலயும் 6 கியர் ஆட்டோமேட்டிக் கிடைக்கும். சாத்தூர் போற வழியில அந்த 15 பிஎஸ் வித்தியாசத்தை யாராவது கண்டுபிடிச்சா சொல்லுங்க, பிரியாணி வாங்கித் தர்றேன் :-)

டெஸ்ட் டிரைவுக்குப் போன இடத்துல நான் ஸ்டியரிங் பக்கமே போகல. "சார், நீங்க ஓட்டலையா?"ன்னு சேல்ஸ் தம்பி முழிச்சான். "நீ ஓட்டு ராஜா, நான் பின்னாடி உக்காரறேன்"னு கடைசி வரிசைக்குப் போய்ட்டேன். தங்கமணியும் கூட வந்தாங்க. அவங்க சொன்னது: "எப்படியும் நம்ம குடும்பத்துல பின்னாடி தள்ளிவிடப் போறது என்னையும் புள்ளைங்களையும்தான். அப்ப நான்தானே பாக்கணும்?" பதில் சொல்ல முடியுமா இதுக்கு?

பின்னாடி உக்காந்தா வேற உலகம்ங்க. மூணு வரிசை எஸ்யூவில கடைசி சீட்டு வர்றது பின் ஆக்சிலுக்கு மேலயே. அதனால அங்க தரை மேடா இருக்கும், சீட்டு தாழ்வா இருக்கும். முட்டி நெஞ்சுக்கு வந்துடும், தொடை அந்தரத்துல தொங்கும். ஸ்பீட் பிரேக்கர்ல முன்னாடி இருக்கறவங்களுக்கு வர்றது தாலாட்டு, பின்னாடி இருக்கறவங்களுக்குக் குத்து. இந்த இடத்துல சஸ்பென்ஷன் கொஞ்சம் முக்கியம். எக்ஸ்யூவில பின்னாடி மல்டி லிங்க், அதாவது ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். சஃபாரில ட்விஸ்ட் பிளேட்னு பாதி சுதந்திரமான அமைப்பு. நேர் ரோட்ல ரெண்டும் ஒண்ணுதான். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில இறங்கறப்ப வித்தியாசம் தெரியும்.

ஸ்டார் கணக்கும் பாத்தோம். எக்ஸ்யூவி 2021-ல குளோபல் என்கேப்ல பெரியவங்களுக்கு 5, குழந்தைங்களுக்கு 4 ஸ்டார் வாங்கினது. சஃபாரி 2023 டிசம்பர்ல பாரத் என்கேப்ல ரெண்டுக்கும் 5. நல்ல விஷயம்தான், மறுக்கல. ஆனா அந்தச் சோதனைகள்ல பெரிய பொம்மைங்க முன் சீட்டுல உக்காரும், குழந்தை பொம்மைங்க நடு வரிசையில உக்காரும். மூணாவது வரிசையில பொம்மை கிடையாது. அங்க உக்கார்றவங்க தலைக்கும் டிக்கி கண்ணாடிக்கும் நடுவுல எத்தனை விரக்கடை இருக்குன்னு நீங்களே போய் அளந்து பாத்துக்கணும். நான் அளந்தேன். அன்னிக்கே பொண்ணு கடைசி வரிசைக்குக் கிடையாதுன்னு முடிவாச்சு. வாந்தி வேற இருக்கு.

சரி, இப்ப மெயின் பிரச்சினை. 6 சீட்டா, 7 சீட்டா?

சஃபாரில ரெண்டும் உண்டு. எக்ஸ்யூவிலயும் 2024 ஜனவரில 6 சீட்டு வந்துடுச்சு. நடு வரிசையில தனித்தனியா ரெண்டு சிம்மாசனம், கேப்டன் சீட்டுன்னு பேரு. உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராது. நாம ஆறு பேரு, சீட்டு ஆறு, கணக்கு முடிஞ்சுதேன்னு தோணும். முடியல. நடுவுல ரெண்டே பேருன்னா கடைசி வரிசைக்கு ரெண்டு பேர் கண்டிப்பா போகணும். அப்புறம் பெட்டி, பொங்கல் பானை, அம்மாவோட ஏழு கட்டைப்பை எல்லாம் எங்க வைக்கறது? கடைசி சீட்டு ரெண்டும் நிமுந்து நின்னா இந்த வண்டிங்கள்ல டிக்கின்னு மிஞ்சறது ஒரு அலமாரித் தட்டுதான்.

7 சீட்டுல நடுவுல நீள சீட்டு, மூணு பேர். கடைசில பையன் ஒருத்தன் மட்டும். அவன் பக்கத்து சீட்டைப் பாதி மடக்கிட்டா சாமான் முழுக்க அங்க அடங்கிடும். கணக்கு இதுதான் சரியா வருது. ஆனா இதுலயும் ஒரு முடிச்சு. பையன் உள்ள போகணும்னா நடு சீட்டோட இடது பக்கத்தை மடிக்கணும். அந்த இடத்துல அம்மா உக்காந்திருந்தா, அவன் டீ குடிக்க இறங்கற ஒவ்வொரு தடவையும் அம்மாவும் இறங்கி ஏறணும். எஸ்யூவி தரை என்ன உயரம்னு தெரியுமில்ல? முட்டி வலிக்காரங்களுக்கு சீட்டு உயரம் வரம், ஏறற உயரம் சாபம். கேப்டன் சீட்டுன்னா நடுச் சந்துல அவன் பாட்டுக்கு நுழைஞ்சு போவான், அம்மா அசைய வேண்டாம். ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு நழுவுது.

இந்தக் கணக்கைப் பேப்பர்ல படமெல்லாம் போட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்துட்டு இருந்தேன். தங்கமணி எட்டிப் பாத்துட்டு, "அத்தைய முன்னாடி உக்கார வெச்சா எல்லாம் சரியாயிடுமே"ன்னுட்டு தூங்கப் போய்ட்டாங்க.

எனக்குத் தூக்கம் போச்சு. முன் சீட்டு அப்பாவோடது. நாப்பது வருசமா, எந்த வண்டியா இருந்தாலும், வாடகை அம்பாசடரா இருந்தாலும். வழி சொல்றது, டோல்கேட்ல சில்லறை குடுக்கறது (இப்ப ஃபாஸ்டேக் வந்து அந்த உத்தியோகமும் போச்சு), லாரிக்காரனைத் திட்டறது, எல்லாம் அந்த சீட்டுல இருந்துதான். அவர்கிட்ட யார் போய் சொல்றது?

நானும் சொல்லல, தங்கமணியும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனோம். அம்மா நடு வரிசை கதவைப் பிடிச்சுட்டு, "இதென்னடா, லாரி மாதிரி இருக்கு"ன்னு நின்னாங்க. நான் ஒண்ணும் பேசாம முன் கதவைத் திறந்து விட்டேன். அங்க தூண்ல கைப்பிடி இருக்கு, கதவும் அகலமா திறக்குது. பக்கவாட்டுல உக்காந்து, காலை ஒவ்வொண்ணா உள்ள எடுத்து வெச்சாங்க. ஒரு நிமிசம் கழிச்சு, "இங்க முட்டி வலிக்கலடா"ன்னாங்க. அவ்ளோதான். அப்பா வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். நடு வரிசை வலது பக்கம் ஏறி உக்காந்தார். "இந்தக் கண்ணாடி முழுசா இறங்குமா?"ன்னு சேல்ஸ் தம்பியக் கேட்டார். வேற ஒண்ணும் கேக்கல.

அதுக்கப்புறம் மத்ததெல்லாம் காசுக் கணக்கு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல சாலை வரியை ஏத்தினாங்க. 10-ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 20 லட்சம் தாண்டினா 20 சதவீதம். 19.9 லட்சம் வண்டின்னா வரி சுமார் 3.58 லட்சம். 20.1 லட்சம்னா 4.02 லட்சம். விலையில 20 ஆயிரம் கூடினா வரியில 44 ஆயிரம் கூடுது! அதனால 20-க்குக் கீழ என்ன கிடைக்குதுன்னுதான் தேடினோம். 2024 ஜூலைல எக்ஸ்யூவி700-ல ஏஎக்ஸ்7 வரிசையை 19.49 லட்சத்துல ஆரம்பிக்கற மாதிரி விலையைக் குறைச்சாங்க. ஆட்டோமேட்டிக் டீசல் அந்த விலைக்கு வராது. தங்கமணியும் ஓட்டணும், கிளட்ச் வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. அதனால ஒரு படி கீழ இறங்கி, ஏஎக்ஸ்5, 7 சீட்டு. பெரிய ஸ்பீக்கர் கம்பெனிப் பேரெல்லாம் போச்சு. பையனுக்கு மட்டும் வருத்தம்.

(2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டியை மாத்தினப்ப, பெரிய எஸ்யூவிக்கு செஸ்ஸோட சேத்து 50 சதவீதமா இருந்த வரி 40 ஆச்சு. எங்க வயித்தெரிச்சலைக் கேக்காதீங்க.)

அந்த ஐப்பசில சாத்தூர் போனோம். முன்னாடி அம்மா, மடில பூக்கூடை. நடுவுல அப்பா, பொண்ணு, தங்கமணி. கடைசில பையன், கட்டைப்பைங்களோட. பொண்ணு ஒட்டன்சத்திரம் வரைக்கும் தாக்குப்பிடிச்சா, அதுவே சாதனை. அப்பா இப்பவும் வழி சொல்றார், என்ன, நடு சீட்டுல இருந்து சொல்றதால சத்தம் கொஞ்சம் கூடுதல். அம்மா திரும்பிப் பாக்காமலே, "அவனுக்குத் தெரியும், பேசாம வாங்க"ன்னாங்க. இந்த வசனத்தை நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல.