மூன்று கைகளை எண்ணிய பிள்ளை

எழும்பூர் மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். 1851-இல் தொடங்கி இன்றுவரை சேர்த்துவைத்ததை ஒரு பகலில் யாராலும் பார்த்து முடிக்க முடியாது. ஆனாலும் முயல்கிறார்கள். "வா வா, இன்னும் மேல்மாடி இருக்கு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்கிறார்கள். பிள்ளையோ கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே போகிறது. அது எதைத் திரும்பிப் பார்க்கிறதோ, அங்கேதான் நாம் நிற்க வேண்டும்.

நானும் என் பேத்தியும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போவோம். வழியில் பல்லாவரம் வரும். 1863-இல் அங்கே சரளை மண்ணில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் தட்டித் தட்டி விளிம்பு கூராக்கிய கல். அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அவருக்கு அப்படிப்பட்ட கற்கள் கிடைத்தன. அந்த ஊரில் பிற்காலத்தில் நடந்த அகழாய்வு, அங்கே கற்கருவி செய்தவர்களின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோனது. ஃபூட் ஆயுள் முழுக்கச் சேகரித்தவை எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. ரயில் பல்லாவரத்தில் நிற்கும்போது இதைச் சொல்லிவைத்தால் போதும். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கற்களைப் பார்க்கிறபோது, "நம்ம ஸ்டேஷன் கல்லு" என்று பிள்ளை தானே சொல்லிக்கொள்ளும்.

செப்புத்திருமேனிகள் இருக்கும் கூடம் வேறு மாதிரி. அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார், சோழர் காலத்து வேலை. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். என் பேத்தி நின்று எண்ணினாள். "பாட்டி, மூணு கைதான் இருக்கு!" வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று. எத்தனை தடவை பார்த்திருப்பேன், எண்ணத் தோன்றவில்லை எனக்கு. அதன் பிறகு அவளே இரண்டு பக்கத்து இடுப்பையும் ஒப்பிட்டாள். இந்தப் பக்கம் நேராக இறங்குகிறது, அந்தப் பக்கம் வளைகிறது என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினாள். நான் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. கண் வேலை செய்துகொண்டிருக்கும்போது காதுக்கு வேலை கொடுக்கக் கூடாது.

எப்படிச் செய்தார்கள் என்று கேட்டபோதுதான் சொன்னேன். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்த மெழுகு. அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால், உள்ளே இருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் ஸ்தபதிகள் இப்படித்தான் வார்க்கிறார்கள். அச்சு உடைந்துபோவதால் இதைப் போல இன்னொன்று வராது என்றேன். "அப்போ தப்பா வந்துட்டா?" என்றாள். மறுபடி மெழுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றதும், சிலையை இன்னும் ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

முதுமக்கள் தாழிக்கு முன்னால் மட்டும் பெரியவர்கள் கொஞ்சம் தைரியமாக இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை இங்கே இருக்கின்றன. இறந்தவர்களைப் பெரிய பானைக்குள் வைத்து, கூடவே கலயம், இரும்புக் கருவி, சிலருக்குப் பொன் நெற்றிப்பட்டம் என்று வைத்துப் புதைத்திருக்கிறார்கள். "இதுக்குள்ள ஆள் இருந்தாங்களா?" என்று பேத்தி கேட்டாள். கூட வந்திருந்த மருமகள் அவளை நகர்த்தப் பார்த்தாள். நான் விடவில்லை.

"இருந்தாங்க கண்ணு. செத்துப்போனவங்களை வெச்சாங்க."

"சாமான் எதுக்கு?"

"போற இடத்துல வேணும்னு நினைச்சிருப்பாங்க. பிரியமா இருந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வருமா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உனக்கு என்ன வெக்கணும்?" என்றாள். மருமகள் பதறிப்போனாள். என் தையல் பெட்டியை வை என்றேன். அவள் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள்.

வீட்டில் ஒரு சாவு என்றால் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கேள்வியும் அவர்களோடு அனுப்பப்பட்டு, பதில் கிடைக்காமலே வளர்கிறது. அழுகை இல்லாத, அவசரம் இல்லாத ஓரிடத்தில் பிள்ளை அதைக் கேட்கிறது என்றால், அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மேல்மாடியும் திமிங்கில எலும்புக்கூடும் எங்கே போய்விடப் போகின்றன? வெள்ளிக்கிழமை தவிர என்றைக்கும் வரலாம்.

ஆதிச்சநல்லூரிலேயே 2023-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், தாழிகள் மண்ணுக்குள் கிடக்கும் இடத்திலேயே. முழுப் பரீட்சை விடுமுறைக்கு நெல்லை ரயிலில் டிக்கெட் போடச் சொல்லி மகனிடம் கேட்டிருக்கிறேன். மருமகளும் வருகிறாளாம்.