மஞ்சள் விளக்கு

என் தங்கை பிள்ளை பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தான். இரண்டே பேர்தான் உட்காரலாம். அதற்குள் ஏறும்போது முதலில் தலையைக் கொடுப்பதா, காலைக் கொடுப்பதா என்பது எனக்குக் கடைசி வரை தீர்மானமாகவில்லை. அரியலூரில் ஒருவர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "நீங்களும் வாங்க மாமா. பெரியவங்க கூட இருந்தா ஒரு நம்பிக்கை வரும்" என்றான். அந்த நம்பிக்கைக்கு என்ன அவசியம் வந்தது என்பது பெரம்பலூர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

சென்னையிலிருந்து பெரம்பலூர் வரை வழவழவென்று நெடுஞ்சாலை. வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. அங்கே கிழக்கே திரும்பி அரியலூர்ச் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் சுமக்கும் லாரிகள் எதிரும் புதிருமாக வந்துகொண்டிருந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு சின்னக் கார்ப் படம். அதன் கீழே பாம்பு நெளிந்தது போல் இரண்டு கோடுகள். பக்கத்திலேயே ஏ.பி.எஸ். என்று இன்னொன்று.

"அது ஒண்ணுமில்லை மாமா" என்றான். ஒன்றுமில்லாததற்கு முகம் வெளுப்பானேன்? குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஆறு மாதமாக இப்படித்தான். பட்டணத்துப் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் இரண்டு தடவை விட்டானாம். இரண்டு தடவையும் பதிந்திருந்த பிழையை அழித்துவிட்டு, பில்லை மட்டும் அழுத்தமாகப் பதித்துக் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் விளக்கு திரும்பி வந்துவிட்டது.

அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது சாமானிய ஏற்பாடல்ல. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினோம், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, நாலு சக்கரமும் எந்த வேகத்தில் சுழல்கின்றன என்றெல்லாம் ஒரு சிறு கம்ப்யூட்டர் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டி சறுக்கத் தொடங்கினால், எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் நேராகுமோ அதை மட்டும் தானே பிரேக் பிடிக்கும். 1995-ல் மெர்சிடிஸ் காரில் முதலில் வந்தது. 1997-ல் ஸ்வீடனில், குறுக்கே வரும் காட்டு மானுக்கு ஒதுங்குவது போல் ஓட்டிப் பார்த்த சோதனையில் அதே கம்பெனியின் சின்னக் கார் ஒன்று குட்டிக்கரணம் போட்டது. பிறகு அந்த ரகம் முழுவதற்கும் இதைப் பொருத்தினார்கள். விளக்கு மின்னி மின்னி அணைந்தால் காவல்காரன் வேலை செய்கிறான் என்று பொருள். நிலையாக எரிந்தால், அவனால் முடியவில்லை என்று சொல்லுகிறான்.

அரியலூர் என்றாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரயிலைத்தான் பேசுவார்கள். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். இந்த நினைவோடு நான் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "திருப்பு, பெரம்பலூருக்கே போவோம்" என்றேன்.

ஊர் முனையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப். மெக்கானிக் வண்டியைத் தொடவில்லை. "வளைவுல வருதா, பள்ளத்துல வருதா?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே. இப்ப அழிச்சு மட்டும் விடுங்க. இல்லேன்னா பல்பைக் கழட்டிடுங்க. ஒரு மணி நேரம் எரியாம இருந்தாப் போதும்" என்றான் என் பையன்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அழிக்கிறது அரை நிமிஷ வேலை. வாங்குறவர் எந்த ஊரு?"

"அரியலூர்."

"அப்ப அவரும் இதே ரோட்டுலதானே ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் ஸ்கேனரை எடுத்துவந்து மாட்டினார்.

அதில் நாலு சக்கரத்துக்கும் நாலு எண்கள் தெரிந்தன. முற்றத்தில் மெல்ல உருட்டியபோது நாலும் ஒன்றாகவே ஏறி இறங்கின. பிறகு முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் சுழற்றினார், எண் அசைந்தது. இடதைச் சுழற்றினார், பூஜ்யம்! கடப்பாரையால் அந்தச் சக்கரத்தைச் சற்று மேலே நெம்பிச் சுழற்றினார், எண் வந்துவிட்டது. குழாயில் நீர் வருவதும் நிற்பதும் போல.

வேக சென்சாரின் வயர் கிளிப்பை விட்டு நழுவியிருந்தது. மேலே ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு அறுந்துவிட்டது. வண்டி தரையில் நிற்கும்போது வயர் தளர்ந்து, அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும். பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் வயர் இழுபட்டு முனைகள் பிரிந்துவிடும். பட்டணத்து சர்வீஸ் நிலையத்தின் வழவழத் தரையில் அது எப்படி அகப்படும்? ஈயப்பற்று வைத்து இணைத்து, உறை போட்டு, கிளிப்பில் மாட்டினார். "இது ஒட்டுதான். புதுசு வாங்கி மாத்திடச் சொல்லுங்க" என்றார். கூலி வாங்கக் கூச்சப்பட்டவர் அவர். கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள் நாங்கள்.

அரியலூர்க்காரர் நாலைந்து லாரிகளுக்குச் சொந்தக்காரர். பெயிண்டைப் பார்க்கவில்லை, டயரை உதைக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. பிறகு எஞ்சினைக் கிளப்பியதும் அந்த மஞ்சள் விளக்கும் அணைந்தது. "இது முதல்ல எரியணும், அப்புறம் அணையணும். எரியவே இல்லேன்னா யாரோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம்" என்றார்.

என் பையன் எச்சில் விழுங்கினான். "இடது முன் சக்கரத்து வயர் ஒட்டுப் போட்டது சார். புதுசு மாத்தணும்."

"எப்பப் போட்டீங்க?"

"இன்னிக்குக் காலையில."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே விலையில் இருபதாயிரம் குறைத்தார்.

ரயிலில் திரும்பினோம். விருத்தாசலம் வரை பையன் பேசவில்லை. வண்டி நின்றதும் காப்பி வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, அந்தக் காலண்டர்ல அப்படி என்னதான் போட்டிருந்தது?"